திரைக்கு வெளியே வந்த கை

அம்மை குத்தப் பெண்ணை வேலைக்கு எடுத்ததே சின்னச்சாமி அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் இராமநாதபுரத்தில் நான் சேர்ந்த அன்றே, "ஏம்மா பூமயிலு, ஊசியப் பாத்து நீயே மயங்கி விழுந்துறாத" என்றார். அம்மை குத்துவதில் பதினெட்டு வருஷ சர்வீஸ்காரர் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த மாசியில் கடற்கரை ஊர் ஒன்றில் பெரியம்மை கண்டது. இருவரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். கொழும்பில் வியாபாரம் செய்யும் வாவு முகம்மதின் வீட்டு வாசலில் அண்ணன் என்னை நிறுத்தினார்.

"இந்தத் தெருவ விடு. வருஷா வருஷம் நானே குத்திருக்கேன். இங்க பொம்பளைக முகம் காட்ட மாட்டாக. திரைக்குப் பின்னால இருந்து கைய மட்டும் நீட்டுவாக. நானும் முகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் குத்துவேன். தங்க வளையல் கை, கண்ணாடி வளையல் கை, ஒரு கை தப்பாது."

"உள்ள மருமகளுக்குக் காய்ச்சலாம்லண்ணே?"

"குத்துன ஒடம்புக்குப் பெரியம்மை எப்படி வரும்? சூட்டுக் காய்ச்சலா இருக்கும்."

என்னை வேலைக்கு எடுத்ததே திரைக்கு உள்ளே போகத்தானே? போனேன். வீட்டுக்காரர் மனைவி உம்மு ஹபீபா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொம்பளப் புள்ளையா வந்தியே, அல்லாஹ் ஒன்ன நல்லா வைக்கணும். மருமக காலிதாவப் பாரும்மா. சூட்டுக் கொப்புளம் போட்டுருக்கு."

அறையில் பாயில் காலிதா கிடந்தாள். பக்கத்தில் பால் குடிக்கும் குழந்தை. அவள் நெற்றியில் முத்து முத்தாக எழும்பியிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பெரியம்மைதான்; முத்து எழும்பிய பிறகு ஊசி குத்திப் பயனில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றினேன். தழும்பு இல்லை. மறு கையிலும் இல்லை.

"இவுகளுக்குக் குத்தவே இல்லையா?"

உம்மு ஹபீபா தலையைக் குனிந்தார். "அன்னிய ஆம்பள கை படுறதுக்குக் கூசுச்சும்மா. சர்க்காருக்கு ஒரு கையக் காட்டுனாச் சரின்னு இருந்துட்டோம். சபியாதான் நீட்டும்."

வீட்டு வேலை செய்யும் சபியா அடுக்களையிலிருந்து வந்தாள். முக்காட்டை விலக்கினாள். தோளிலிருந்து முழங்கை வரை, இரண்டு கையிலும், தழும்புக்கு மேல் தழும்பு. அவ்வளவையும் ஒரே உடம்பில் நான் கண்டதில்லை.

"அவுகவுக வளையல மாத்திப் போட்டுக்கிருவேன்" என்றாள் கொஞ்சம் பெருமையாகவே. "அந்தண்ணன் தெரு வழியா அடுத்த வீட்டுக்குப் போறதுக்குள்ள, நான் பின்னால முடுக்கு வழியா ஓடிப் போயிருவேன்."

"அடுத்த வீட்டுக்கா?"

"தெரு முழுக்க நாந்தான்."

தெரு முழுக்க! பெண் ஒருத்தியைக் கொஞ்சம் முன்னாலேயே அனுப்பியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? திரைப்பக்கம் திரும்பிக் கத்தினேன். "அண்ணே, கேட்டீகளா?"

அழ நேரமில்லை. ஊசியை எடுத்து, "எல்லாரும் கைய நீட்டுங்க" என்றேன். பழக்கத்தில் சபியாவின் கைதான் முதலில் வந்தது.

"ஒனக்கு வேணாம் தாயி. நீ புள்ளையத் தூக்கு."

குழந்தைக்கு முதலில் குத்தினேன். உம்மு ஹபீபா தோளைக் காட்டினார். அப்போது பாயிலிருந்து இன்னொரு கை மெல்ல எழுந்தது.

"எனக்கும் குத்துங்க லாத்தா" என்றாள் காலிதா, என்னை அக்காவாக்கி. "இப்பக் கூச்சமில்ல."