நாலு மணிக் கட்டம்

நஞ்சம்மா செம்பைத் தூக்கிய வேகத்தைப் பார்த்து, மாதேஸ்வரி இரண்டு கைகளாலும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"தலைக்கு வேணாம் அண்ணி. கழுத்துக்குக் கீழ ஊத்துங்க."

"என்னாடி பேசற? புருசன் வாசல்ல படுத்திருக்கான். தலைக்கு ஊத்தி, மஞ்சப் பூசி, பூ வெச்சுப் பக்கத்துல உக்கார வெக்கறது மொற. நீ என்னா புதுசாச் சட்டம் போடற?"

"ஆபரேசன் பண்ணி ஒம்பது நாளுதான் ஆவுது. கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னாரு."

"டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போவாரு."

"டாக்டரு இல்ல அண்ணி. உங்க தம்பி."

தூக்கிய செம்பு அப்படியே நின்றது. நஞ்சம்மா முணுமுணுத்துக்கொண்டே தோளிலிருந்து கீழே ஊற்றினாள். கன்னத்தில் மட்டும் மஞ்சளைத் தொட்டு வைத்தாள், கண்ணுக்கு ரெண்டு விரற்கடை தள்ளி.

அவள் கண்ணுக்குக் காலை ஏழு மணிச் சொட்டு மருந்தைப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போனவர் அவள் புருசன் திம்மராயன். திரும்பி வந்து கேட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பால் பாக்கெட் மட்டும் கிழியாமல் மடியில் இருந்தது.

ஓசூரில் போல்ட்டு செய்யும் கம்பெனியில் முப்பத்திரண்டு வருசம் குவாலிட்டி பார்த்தவர். ரிட்டயர் ஆகி ஏழு வருசமாயிற்று, பழக்கம் ரிட்டயர் ஆகவில்லை. மாதேஸ்வரிக்குக் கண்புரை எடுத்த அன்று சாயங்காலமே அட்டையில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். கண் வீக்கமும் சிவப்பும் வற்றுவதற்கான மருந்து, முதல் வாரம் நாளுக்கு ஆறு தடவை. அடுத்த வாரம் ஐந்து. அப்படியே வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்து ஆறாவது வாரம் ஒன்றில் முடியும். பாட்டிலைக் குலுக்குவார், இமையை இழுப்பார், ஒரே சொட்டு. பிறகு மூக்கோரம் விரலை வைத்து அழுத்தி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும்.

"சீரியல் பாத்து அழுது மருந்த வெளிய தள்ளாத. ரிஜெக்ட் பண்ணிருவேன்."

"யாரை, என்னையா? நாப்பது வருசம் கழிச்சா?"

முதல் கட்டத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை அவளிடம்தான் நீட்டினார். நீங்களே போட்டுக்கோங்க என்றாள்.

"செஞ்சவனே பாஸ் பண்ணக்கூடாது. கம்பெனி ரூலு. சொட்டு நான் போடறேன், நீ சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் சரி."

ரேசன் கடையைத் தவிர வேறெங்கும் கையெழுத்துப் போட்டறியாதவள், அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் 'மா' என்று எழுதினாள்.

இப்போது அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நஞ்சம்மா காதருகே குனிந்தாள்.

"ஒரு பொட்டுத் தண்ணி வரல உன் கண்ணுல. பாகலூரே பாத்துட்டு நிக்குது."

"பாக்கட்டும் அண்ணி."

மகள் சுஜாதா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தப்பு அடிப்பவர்கள் எழுந்தார்கள். நாலு பேர் பாடையைத் தொட்டார்கள்.

"மணி என்னா?" என்றாள் மாதேஸ்வரி.

"நாலாகப் போவுதும்மா."

"கொஞ்சம் நில்லுங்கப்பா. சொட்டு போட்டுட்டுத் தூக்கலாம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கம்பெனியிலிருந்து வந்திருந்த செல்வம் முன்னால் வந்தார். திம்மராயனிடம் வேலை கற்றவர்.

"நிப்பாட்டுங்க. அண்ணன் ஒரு லாட்டு போல்ட்டச் சரியில்லன்னு நிறுத்துனா மேனேஜரே கைகட்டி நிப்பாரு. அஞ்சு நிமிசம் நாம நிக்க முடியாதா?"

தப்பு நின்றது. சுஜாதா மருந்தையும் அட்டையையும் கொண்டுவந்தாள். அவள் போட்ட முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"ரிஜெக்ட்," என்றாள் மாதேஸ்வரி. "கொண்டா."

பாட்டிலை வாங்கிக் குலுக்கினாள். தலையை அண்ணாந்து, இமையைத் தானே இழுத்தாள். நஞ்சம்மா கிட்டே வந்து குனிந்து, அந்தக் கண்ணையே பார்த்தாள். சொட்டு விழுந்தது. மாதேஸ்வரி கண்ணை மூடி, மூக்கோரம் விரலை வைத்து அழுத்தினாள். இன்னொரு கை அவர் நெற்றியில் இருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று.

கண்ணைத் திறந்ததும் சுஜாதா அட்டையை நீட்டினாள்.

"பத்து மணி, ஒரு மணி ரெண்டும் காலியா இருக்கும்மா. எழுதிடவா?"

"போடாததைப் போட்டதா எழுதுனா உங்கப்பா எந்திரிச்சு உக்காந்துருவாரு. காலியாவே இருக்கட்டும்."

பேனாவை வாங்கியவள் நாலு மணிக் கட்டத்துக்கு வந்து நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?" என்றாள் நஞ்சம்மா.

"நான் போட்டதுக்கு நானே கையெழுத்துப் போட முடியாது அண்ணி. அவரு ஒத்துக்க மாட்டாரு."

நஞ்சம்மா தம்பியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். ஊதா மையில் வரிசையாக நின்ற 'மா'க்களில் ஒன்றைக்கூட அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"சொட்டு உள்ள விழுந்துச்சு. நான் பாத்தேன்," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மஞ்சள் கிண்ணத்தில் கட்டை விரலைத் தோய்த்து, மாதேஸ்வரி காட்டிய இடத்தில் அழுத்தி எடுத்தாள்.

"தூக்குங்கப்பா," என்றாள் மாதேஸ்வரி.

சுஜாதா அட்டையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். மஞ்சள் ரேகை இன்னும் காயவில்லை. பக்கத்தில் ராத்திரி ஏழு மணிக் கட்டம் வெள்ளையாக இருந்தது.