ஐந்து லிட்டர் சாதா, ஐந்து லிட்டர் பிரீமியம்

ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தபடி, வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்ஜின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான் பைலட்.

இரண்டரை டன் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. பக்கத்து இருக்கையில் நீதிபதியம்மாவின் மருமகன். கைப்பேசியை டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் நீட்டி, இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். பின் இருக்கையில் நீதிபதியம்மா. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் நாற்காலியில் முதுகு சாய்க்கப் பழகாதவர்.

"காலை எடுக்காதீங்க பைலட். மிதிங்க" என்றார் மருமகன்.

"மிதிச்சிட்டுத்தான் சார் இருக்கேன். இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுல படும்."

"பேசாம ஓட்டு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சத்தம் எனக்குக் கேக்கணும்."

முதல் வளைவு. ஒன்றும் இல்லை. இரண்டாவது வளைவு. இன்ஜின் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பைலட்டின் சட்டைக் காலருக்குள் வியர்வை இறங்கியது. சத்தம் வராவிட்டால் வேலை போய்விடும். வேலை மட்டுமா? நீதிபதி வீட்டிலிருந்து திருடன் என்று அனுப்பப்பட்டவனை அப்புறம் எவன் ஸ்டியரிங்கைத் தொட விடுவான்?

விஷயம் இதுதான்.

நான்கு மாதமாக, வீட்டுக்குப் போகிற இந்த மேட்டில் மட்டும், வண்டியின் வயிற்றுக்குள் ஒரு சத்தம். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டு உருட்டுகிற மாதிரி. சர்வீஸ் சென்டரில் அரை நாள் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி பெரிய வண்டிக்குச் சாதா பெட்ரோல் போட்டு மேட்டுல மிதிச்சா இப்படித்தான் இடிக்கும். பிரீமியம் போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"பிரீமியம்தானே போடறேன்" என்றான் பைலட். எட்டு வருடமாக இந்த வீட்டு வண்டிகளை ஓட்டுகிறவன். அவன் வண்டியை எடுத்தால் தரையில் ஓடுவதே தெரியாது என்று நீதிபதியம்மாவே வைத்த பெயர்தான் பைலட்.

ரசீதுகளைக் கட்டாக எடுத்து வந்து மேஜையில் வைத்தான். எல்லாவற்றிலும் பிரீமியம் என்றுதான் அச்சாகியிருந்தது.

மருமகன் அந்தக் கட்டைத் தொடக்கூட இல்லை. "ரசீது எவன் வேணா தருவான் அத்தை. சாதாவைப் போட்டுட்டு மிச்சக் காசை இவர் எடுத்துக்கலாம்ல. அதுவும் அந்த பங்க்ல சூப்பர்வைசரே இவரோட மச்சான். ரசீது என்ன, மெஷினையே கழட்டிக் கொடுப்பான்."

மச்சான் என்பது உண்மை. அதை வீட்டில் சொன்னவனே பைலட்தான். யாரும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். வாய் இருக்கிறதே, அது எப்போதும் அவனுக்கு எதிர்க்கட்சி.

நீதிபதியம்மா விசாரிக்காமல் தண்டிக்கிறவர் அல்ல. அதனால்தான் இந்தச் சோதனை. முந்தின நாளே டேங்கைச் சிவப்பு விளக்கு எரிகிறவரை காலி செய்தாயிற்று. இன்று காலை மூன்று பேரும் பங்குக்குப் போய், கண்ணெதிரே ஐந்து லிட்டர் பிரீமியம் போட்டார்கள். மேட்டில் சத்தமில்லாமல் ஏறினால், இதுவரை போட்டது பிரீமியம் இல்லை என்று அர்த்தம். சத்தம் வந்தால் கோளாறு இன்ஜினில்; பைலட் யோக்கியன்.

மூன்றாவது வளைவில் மேடு இன்னும் செங்குத்தாக எழுந்தது.

கடகடகட.

கோலிக்குண்டுகள் உருண்டன. பைலட் தன்னை மறந்து சிரித்துவிட்டான்.

மருமகன் தலையைத் திருப்பி அந்தச் சிரிப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பதிவை நிறுத்தினார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. நீதிபதியம்மா இறங்கி, பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"பிரீமியம் பரிந்துரைக்கப்படுகிறது. அவ்வளவுதான் போட்டிருக்கு."

"புத்தகத்துல வேற மாதிரி இருக்கு அத்தை" என்றார் மருமகன். வண்டியோடு வந்த கையேட்டை நேற்று இரவே பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்திருந்தார். "சாதாவும் போடலாம், திறன் குறையலாம்னு இருக்கு."

"அப்ப எதைத்தான் போடறது?"

"நான் பார்த்த வீடியோல ஒருத்தன், பிரீமியம் போடலைனா இன்ஜின் செத்துடும்கறான். அடுத்த வீடியோல இன்னொருத்தன், பிரீமியம்கறதே ஏமாத்து வேலைங்கறான்."

"ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கப் போறான், நல்லாப் பாருங்க" என்றார் நீதிபதியம்மா. "பரிந்துரைன்னா கட்டாயம் இல்ல மாப்பிள்ளை. நானும் முப்பது வருஷம் அரசாங்கத்துக்குப் பரிந்துரை எழுதியிருக்கேன். ஒண்ணைக்கூட அவங்க கேட்டதில்ல."

பைலட் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்ப நான் வண்டியைத் துடைக்கட்டுமாம்மா? விஷயம் முடிஞ்சுதா?"

"முடியல" என்றார் மருமகன். "இன்ஜின் கோளாறுன்னா, சாதா போட்டா சத்தம் இன்னும் ஜாஸ்தியா வரணும். அதையும் பார்த்துடுவோம்."

பைலட்டுக்கு நிம்மதியாகவே இருந்தது. ஜாஸ்தியாகத்தானே வரும், வரட்டும். மேட்டில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, சிவப்பு விளக்கு திரும்ப எரிகிறவரை ஓட்டினார்கள். மத்தியானமாகிவிட்டது. மருமகன் வயிற்றில் கடகட சத்தம் கேட்டது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

பங்கில் முன்வரிசை பம்புகளைச் சுற்றி இரு சக்கர வண்டிகள் மொய்த்திருந்தன. வழக்கம்போல் மூலையில் இருந்த பம்பில் பெரிய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான் பைலட். மனைவியின் தம்பி, அதாவது அந்த சூப்பர்வைசர், ஓடி வந்தான். முப்பது வயது. சீருடைப் பையில் எப்போதும் இரண்டு பேனா.

"என்ன மாமா, காலைல தானே போட்டீங்க?"

"இப்ப சாதா. அஞ்சு லிட்டர்."

"சாதாவா? இந்த வண்டிக்கா?"

"எனக்கு இன்னைக்குப் பரீட்சை மச்சான்."

"கேள்வித்தாள் யாரு போட்டது?"

"முன்சீட்டு."

இதைவிட மட்டமான ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவன், இன்று சிரிக்கவில்லை. குழாயைக் கையில் எடுத்து, கண்ணாடி வழியாக உள்ளே இருந்த இருவரையும் ஒரு முறை பார்த்தான். "முன்னாடி பம்புக்கு வாங்களேன் மாமா, அங்க..."

"இங்கயே போடுங்க" என்றார் மருமகன், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து. "காலைல எங்க போட்டமோ அங்கதான்."

ஐந்து லிட்டர் சாதா இறங்கியது.

திரும்பவும் மேடு. பைலட் மிதித்தான். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

சத்தம் வரவில்லை.

நான்காவது வளைவு. வீட்டு வாசல். பூனை மதில் மேல் நடக்கிற மாதிரி ஏறி வந்து நின்றது வண்டி.

யாரும் கதவைத் திறக்கவில்லை. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இதென்ன கூத்து" என்றார் நீதிபதியம்மா. "நல்லது போட்டா இடிக்குது, மட்டமானது போட்டா இடிக்கலையா?"

பைலட்டுக்குத் தலை சுற்றியது. பிரீமியம் போட்டால் சத்தம் வருகிறது. சாதா போட்டால் வரவில்லை. அப்படியென்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறதா, கெட்டிருக்கிறதா? தான் யோக்கியனா இல்லையா? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.

மருமகன் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒண்ணு தோணுது அத்தை. காலைல சத்தம் வந்தப்ப இவர் சிரிச்சார். நான் பார்த்தேன்."

"சந்தோஷத்துல சிரிச்சேன் சார்."

"அதேதான். சத்தம் வரணும்னு இவருக்கு ஆசை. எட்டு வருஷமா ஓட்டறவருக்கு எந்த கியர்ல எப்படி மிதிச்சா இன்ஜின் இடிக்கும்னு தெரியாதா? காலைல வரவழைச்சார். இப்ப சாதாவுலயும் வரவழைக்கலாம்னு பார்த்தார், கால் ஏமாத்திடுச்சு."

நீதிபதியம்மா, தன் மேலேயே கோபம் வந்தவர் மாதிரி சொன்னார்: "தப்பு என்னோடது. குற்றம் சாட்டப்பட்டவன் கையிலயே சோதனையைக் கொடுத்திருக்கேன்."

பைலட் தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். தேய்ந்த கறுப்பு ஷூ. இந்தக் கால் தன்னை அறியாமல் ஏதாவது செய்திருக்குமோ? காலையில் சத்தம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு மிதித்தது நிஜம்தானே. வேண்டுதலுக்கும் மிதிப்பதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவனுக்கே இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"பங்குக்கு விடு" என்றார் நீதிபதியம்மா. "திரும்ப பிரீமியம் போடுவோம். இந்தத் தடவை மாப்பிள்ளை ஓட்டட்டும்."

"நானா அத்தை? அந்த மேட்டுலயா?"

"வீடியோ பார்த்திருக்கீங்கல்ல."

மறுபடி அதே மூலை பம்பு. மைத்துனன் தூரத்திலேயே நின்றான். அவனுக்குப் பின்னால் கண்ணாடி அறையில் பங்க் முதலாளி உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சாவியைக் கொடு பைலட்" என்றார் நீதிபதியம்மா.

பைலட் இன்ஜினை அணைத்தான். சாவியை எடுத்து, நீட்டாமல், டேஷ்போர்டின் மேல் வைத்தான். கதவுப் பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்தான். அது வீட்டுத் துணி என்று நினைவு வந்ததும் திரும்ப வைத்தான்.

"என்ன பண்றே?"

"நீங்க சோதிச்சுப் பாருங்கம்மா. நான் நடந்து போயிடறேன்."

"தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடியே எங்கே போறே?"

"திருடியிருப்பானோன்னு நீங்க சந்தேகப்பட்டப்ப எனக்கு வருத்தமில்ல. ரசீது இருக்கு, காட்டிக்கலாம்னு இருந்தேன். இப்ப காலால நடிச்சேன்னு சொல்றாங்க. அதுக்கு நான் எந்த ரசீதைக் காட்டறது?" பாட்டில் மூடியை இறுக்கினான். "போற போக்குல எனக்கே சந்தேகம் வந்துடும்போல இருக்கும்மா. அதுக்குள்ள போயிடறேன்."

"இப்ப போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், தெரியும்ல?"

"தெரியும்மா."

"போறவரைத் தடுக்காதீங்க அத்தை" என்று ஆரம்பித்த மருமகன், மாமியாரின் பார்வையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

பைலட் இறங்கி, பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தான். மைத்துனனைக் கடக்கும்போது, "அக்காகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கறேன்" என்றான்.

பத்தடி போயிருப்பான்.

"மாமா, நில்லுங்க."

கூப்பிட்டவன் மைத்துனன். வண்டியின் பின் கண்ணாடியிடம் வந்து நின்றான். நீதிபதியம்மா கண்ணாடியை இறக்கினார்.

"அம்மா, இந்த பம்புல பிரீமியம் வராதும்மா."

"என்னது?"

"பிரீமியம்னு எழுதியிருக்கிற குழாய்ல சாதாதான் வரும். சாதான்னு எழுதியிருக்கிறதுலதான் பிரீமியம் வரும். மாமா பிரீமியம் போடச் சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் போட்டார். வண்டிக்குள்ள போனது சாதா."

மருமகன் கைப்பேசியைத் தூக்கினார். பதிவுப் பொத்தானை அழுத்த மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?" நீதிபதியம்மாவின் குரல் இப்போது வேறாக இருந்தது. அந்தக் குரலுக்கு எத்தனையோ பேர் கூண்டில் நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள்.

"நாலு மாசமா. ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்து இடிச்சு பம்பு சாஞ்சிடுச்சு. கீழ டேங்க்லேருந்து வர்ற ரெண்டு குழாயும் கழண்டுடுச்சு. மெக்கானிக் வர நாளாகும்னாங்க. முதலாளி ஊர்ல இல்ல. திரும்ப மாட்டும்போது மாறிப் போச்சு."

"வேற யாரும் புகார் சொல்லலையா?"

"சாதா விலைக்கு பிரீமியம் வாங்கிட்டுப் போறவங்க எதுக்கும்மா புகார் சொல்லப் போறாங்க? இந்த மூலைல பிரீமியம் போடறது மொத்தமே நாலஞ்சு வண்டி. அவங்க யாருக்கும் மேட்டு மேல வீடு இல்ல."

பைலட் திரும்பி வந்திருந்தான். பாட்டில் இன்னும் கக்கத்தில் இருந்தது.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

மைத்துனன் தரையைப் பார்த்தான். "மறுநாளே தெரியும் மாமா."

"மறுநாளே தெரியுமா? தெரிஞ்சே எனக்கு ஊத்தினியா? ஞாயித்துக்கிழமை என் வீட்டுல வந்து சாப்பிட்டியேடா. இந்தச் சத்தத்தைப் பத்தி அரை மணி நேரம் புலம்பினேன். தலையாட்டிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தியே."

"உங்ககிட்ட சொன்னா, அடுத்த நிமிஷம் நீங்க அம்மாகிட்ட சொல்லிடுவீங்க மாமா. உங்களால மறைக்க முடியாது. எனக்கு அது தெரியும்."

கண்ணாடி அறைக்குள் முதலாளி போனை வைத்துவிட்டு எழுந்தார். மூலையில் என்ன கூட்டம் என்று பார்த்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். மைத்துனன் அவர் நடந்து வருவதைப் பார்த்தான். ஓடிவிடுகிறவன் மாதிரி ஒரு கணம் உடம்பு திரும்பியது. ஆனால் நகரவில்லை.

"ஒரு கேள்விக்குப் பதில் சொல்லலை நீ" என்றார் நீதிபதியம்மா. "மெக்கானிக் வர நாளாகும்னே. அப்ப குழாயை மாட்டினது யாரு?"

முதலாளி வந்து பக்கத்தில் நின்றார். மைத்துனன் அவரைப் பார்க்கவில்லை, நீதிபதியம்மாவையும் பார்க்கவில்லை. பைலட்டைப் பார்த்துத்தான் சொன்னான்.

"நான்தான் மாமா."