லைஃப் வரும் ஜாக்கெட்

ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏற மாட்டேன் என்று அன்பரசனிடம் போனில் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், எனக்கு அப்படித்தான் பேச வரும். அவன் அதைத் தன் அம்மாவிடம் சொன்னான். அவர் அதை டெய்லரிடம் சொன்னார்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோவுக்காக எண்ணூர் முகத்துவாரத்தில் போய் இறங்கியதும், அவன் அம்மா அங்கம்மா ஒரு பையை என் கையில் திணித்தார். உள்ளே பச்சை நிறத்தில் புது ரவிக்கை.

“நீ கேட்ட ஜாக்கெட்டு. வண்டியில ஒக்காந்து மாத்திக்க.”

“அத்த, நான் கேட்டது இது இல்ல. லைஃப் ஜாக்கெட்.”

“இதுவும் லைஃப் வரும் கண்ணு. டபுள் லைனிங். தையல் வுட்டா வந்து கேளுன்னு டெய்லரே சொல்லிகீறான்.”

நான் அன்பரசனைப் பார்த்தேன். அவன் ஷூவிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

விளக்குவதைவிட மாற்றிக்கொள்வது சுலபமாக இருந்தது. மாற்றிக்கொண்டு வந்தேன். அத்தை கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். துணி அசையவில்லை.

“கச்சிதமா கீது” என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது. அன்பரசனுக்கும் தெரியாது. வியாசர்பாடியில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவன். அங்கே தண்ணீர் குடத்தில்தான் வரும். இது இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும். பட்டுப்புடவை நனைந்தால் எத்தனை கனக்கும் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் இயற்பியல் படித்தவள். யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

“சிஸ்டர், வாங்க. சூரியன் பவர் ஹவுஸ் சிம்னிக்குப் பின்னாடி வந்துகினு கீது” என்று போட்டோகிராபர் சாவியோ கூப்பிட்டான்.

படகுக்காரர் லூர்து ஃபைபர் படகைக் கரையோரம் பிடித்திருந்தார். ஆற்றுத் தண்ணீர் கடலை நோக்கி வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, லைஃப் ஜாக்கெட் இருக்கா?”

“இன்னா பாப்பா?”

இன்னொரு முறை சொன்னேன்.

“கீதே.” கொஞ்சம் எழுந்து, உட்கார்ந்திருந்ததை எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு நிறம் வெளுத்து, உள்ளிருந்த நுரை சப்பையாகியிருந்தது. விரலால் அழுத்தினேன். அழுந்திய இடம் அப்படியே நின்றது.

“வேற இல்லியா?”

முன்பக்கத்திலிருந்து இன்னொன்றை எடுத்தார். அது பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. “புதுசு. பிரிச்சா அழுக்காயிடும்னு வெச்சிகீறேன்.”

“அதுல விசில் இருக்கா?”

அவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். கரையில் படுத்திருந்த நாய்கள் தலையைத் தூக்கின. “இதுக்கு மேல இன்னா விசில் வோணும் உனுக்கு?”

சாவியோ சிரித்தான். அன்பரசனும் சிரித்தான்.

“அதப் போட்டுகினா புடவ தெரியாது சிஸ்டர்” என்றான் சாவியோ. “கால்கிட்ட வெச்சிக்குங்க. ஃபிரேம்ல வராம நான் பாத்துக்கறேன்.”

“முழுகிட்டா?”

ஜாக்கெட் முழுகுவதைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. “எடிட்ல சரி பண்ணிக்கலாம்” என்றான்.

“மகி, அஞ்சு நிமிசம்” என்றான் அன்பரசன். “என் தோஸ்துங்க எல்லாம் இப்டித்தான் எடுத்தானுங்க. நான் கீறேன்ல?”

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“இன்னாத்துக்கு இப்ப அதக் கேக்கற?”

அவன் படகில் கால் வைத்தான். படகு ஆடியது. லூர்துவின் தோளைப் பிடித்து நின்றுகொண்டு என்னை நோக்கிக் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்தால் ஏறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றிலும் எனக்கு இப்படித்தான் நடக்கிறது.

கவரைப் பிரித்தேன். லூர்து முகத்தைச் சுளித்தார். புடவைக்கு மேல் மாட்டிப் பட்டைகளை முழுக்க இழுத்த பிறகும் தொளதொளவென்று தொங்கியது. லூர்துவைப் போல் இரண்டு பேருக்கு ஆகும்.

“யாராவது தோளைப் பிடிச்சு மேல இழுத்துப் பாருங்க” என்றேன்.

ஒருவர் காதிலும் விழவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். சாவியோ அதையும் ஒரு படம் எடுத்தான்.

தூரத்தில் இருந்த அத்தை நான் கையைத் தூக்கியதைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

“இன்னா கண்ணு? கக்கத்துல புடிக்குதா?”

பழக்கத்தில் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தார். ஜாக்கெட் காதைத் தாண்டி மேலே வந்துவிட்டது. எனக்கு ஆரஞ்சைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“டேய், இன்னாடா இது? பொண்ணு தலையவே காணோம். யாரு அளவுக்குத் தெச்சது?”

“அதான் அத்த” என்றேன் உள்ளேயிருந்து. “தண்ணியில விழுந்தா இது மட்டும் மிதக்கும். நான் கழண்டு கீழ போயிடுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது. நான் ஏற மாட்டேன்.”

முகம் மறைந்திருந்ததால் குரல் சத்தமாகவே வந்தது.

அத்தை ஜாக்கெட்டைக் கீழே இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். “உன்து எங்க?”

அவன் லூர்துவின் இருக்கையைக் காட்டினான்.

“அவரு ஒக்கார்ற தலகாணியவா மாட்டிக்கப் போற? எறங்கு.”

“ஆண்ட்டி, லைட்டு பூடும்” என்றான் சாவியோ.

“நாளைக்கும் வரும்.”

அன்பரசன் இறங்கினான். என்னைப் பார்க்காமல் மறுபடி ஷூவைக் கழற்றினான்.

அத்தை என் உடம்பிலிருந்து ஜாக்கெட்டைக் கழற்றி, உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பக்கமும் புடிச்சுட்டா உனுக்கு சரியா பூடும். லூர்து, இத்த எட்துகினு போறேன். காலைல டெய்லரு தெச்சிக் குடுத்துருவான்.”

“அத்த, அதைத் தைக்கக் கூடாது.”

“ஏன், ஊசி குத்துனா வலிக்குமா அதுக்கு?”

லூர்து சிரித்தார். அத்தை அதைச் சுருட்டி, ரவிக்கை வந்த பையிலேயே திணித்தார்.

“அப்ப நாளைக்கு இதே டைமு” என்றான் சாவியோ. அன்பரசன் தலையாட்டினான்.

வண்டியில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். பை அவர் மடியில் இருந்தது. திருவொற்றியூர் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

“அத்த” என்று ஆரம்பித்தேன். “ஜாக்கெட்ல ரெண்டு வகை.”