நாற்பது பூஜ்யங்கள்

எச்.ஐ.வி. எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்கெடுக்க, நர்சம்மா சரக்குக் கிடங்குக்கு வந்து பெயர் எழுதத் தேவையில்லாத நாற்பது தாள்களைக் கொடுத்தார். மூட்டை தூக்குகிறவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் 'வாத்தி' ஒருவன்தான். அதுவும் தலை நரைத்த பிறகு கற்றது.

"இந்த வருஷம் மனைவியைத் தவிர எத்தனை பேரோடு?" என்ற கேள்வியை அவன்தான் எல்லாருக்கும் வாசித்தான். பக்கத்தில் அவன் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வாத்தி பூஜ்யம் போட்டான். அவனைப் பார்த்து எல்லாரும் அதையே போட்டார்கள்.

நர்சம்மா தாள்களைப் புரட்டினார். "நாற்பது பேரும் சாமியாருங்க போல. இந்தக் கணக்குப்படி இங்க நோய் பரவ வழியே இல்ல. ரத்தப் பரிசோதனை வண்டியை வேற இடத்துக்கு அனுப்பிடறேன்."

"ஊசிக்குத் தப்பிச்சோம், மாப்ள," என்று மச்சான் சிரித்தான்.

மூன்று மாதமாக இளைத்துக்கொண்டே போகும் தராசுக்காரன் மூலையில் தலை குனிந்திருந்தான். வாத்தி அவனையே பார்த்தான். எழுந்து நின்றான்.

"என்னுது பொய், நர்சம்மா. ரெண்டுன்னு போடுங்க. என்னைப் பாத்துத்தான் இவங்களும் எழுதினாங்க."

மச்சான் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

"எனக்கும் வேற தாள் குடுங்க," என்றான் மச்சான், தரையைப் பார்த்தபடி.