மைக்கம்மா போன வழி

பெட்டியைத் தோளுக்கு ஏற்றிய பிறகுதான் சந்து முனை இடிந்த சேதி வந்தது. சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம், மழையில் இரண்டு பக்கமும் சரிந்துவிட்டிருந்தது. ஆள் தாண்ட ஒற்றைப் பலகை போட்டிருந்தார்கள். பெட்டி தாண்டாது.

"இறக்கிடலாமா?" என்றார் பின்னால் சுமந்தவர்.

"வேணாம். அம்மாவ சேத்துல வைக்க மாட்டேன்" என்றான் மகன். சொல்லிவிட்டானே தவிர, எந்தப் பக்கம் போவதென்று அவனுக்கும் தெரியவில்லை. சர்ச்சில் பாதிரியார் காத்துக்கொண்டிருந்தார்.

மருமகள் வெறுங்காலோடு பின்னால் நின்றாள். பெட்டிக்குள் கிடந்த மாமியார் தையல்காரி. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே மைக்கம்மா.

அந்தப் பெயர் வந்தது ஒரு சண்டையில். மெயின் ரோட்டில் சர்ச்சும் பள்ளிவாசலும் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இங்கே பாட்டு எடுத்தால் அங்கே பாங்கு சொல்லுவார்கள். அங்கே மைக் பிடித்தால் இங்கே சத்தத்தைக் கூட்டுவார்கள். ஒருநாள் அவள் மகனும் பள்ளிவாசல் பக்கத்துக் கடிகாரக் கடைக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்களெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், மாமியார் கழுத்தில் அளவு நாடாவோடு பள்ளிவாசலுக்குப் போய் இமாமிடம், "உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்னு சொல்லுங்க. எங்க ஆளுங்கள நான் பாத்துக்கிறேன்" என்று கேட்டாளாம்.

மைக் சண்டை ஓய்ந்தது, அவள் மைக்கம்மா ஆனாள். அதோடு விட்டாளா? இரண்டு பக்கத்துப் பெண்களையும் மாதாமாதம் வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். டீ போடும் வேலை மருமகள் தலையில் விடிந்தது.

"இது வீடா, டீக்கடையா அத்தை?"

"அந்த ஒரு டம்ளர்ல சக்கரை போட்டுடாதம்மா. கடிகாரக்காரர் சம்சாரத்துக்கு சுகர்."

முட்டிவலி, பிள்ளைகளின் படிப்பு, வாடகை வீடு, மருமகள்களின் வாய் என்று பேசுவார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். இதில் என்ன ஆகிவிட்டதென்று மருமகளுக்குப் பிடிபட்டதே இல்லை. மகனும் கடிகாரக்காரரும் எதிரெதிரே வந்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதானே போனார்கள்.

இப்போது சந்தின் நடுவில், சண்டைக்குப் பிறகு சாத்தியே கிடந்த பள்ளிவாசல் பின்கதவு திறந்தது. இமாம் வெளியே வந்தார்.

"தம்பி, இந்த வழியா வாங்க. முன்வாசல்ல இறங்குனா பக்கத்துலதானே உங்க சர்ச்."

"வெள்ளிக்கிழமையாச்சே... உள்ள தொழுகை..."

"முடிஞ்சிருச்சு. ஆனா ஒருத்தரும் கெளம்பல. அம்மாவுக்காகத்தான் நிக்கிறாங்க."

பெட்டி வாசற்படி வரை போய் நின்றுவிட்டது. மகன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். ஷூ முழுக்கச் சேறு. கைகள் இரண்டும் பெட்டியில்.

"பரவாயில்ல தம்பி, அப்படியே வாங்க."

அவன் அசையவில்லை. தோளில் பாரம் அழுத்தியது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்படியே போக அவனுக்கு மனசு வரவில்லை.

உள்ளே நின்றவர்களை விலக்கிக்கொண்டு கடிகாரக்காரர் வந்தார். சலவைச் சட்டை. படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மகனின் ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஊறிய முடிச்சு லேசில் விடவில்லை. நகத்தால் நெம்பினார்.

"காலத் தூக்குங்க" என்றார்.

மகன் காலைத் தூக்கினான்.

அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். பிறகு இன்னும் சிலர். சுமந்தவர் ஒவ்வொருவர் காலடியிலும் ஒருவர் குனிந்திருந்தார். பார்த்துக்கொண்டிருந்த மருமகளுக்கு அழவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பெட்டி உள்ளே போனது. பாய்களைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு, அத்தனை ஆண்களும் இரு பக்கமும் ஒதுங்கி வழி விட்டிருந்தார்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது அத்தனை கனத்த பெட்டி, அந்த உயரமான கூரையின் கீழே தானாகவே மிதந்து போவதுபோல் இருந்தது. மாடி ஏறவே மூச்சு வாங்கும் அத்தை. அடுப்பங்கரைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் இடித்துக்கொண்டே திரிந்தவள். இவ்வளவு பெரியவளோடா ஒரே வீட்டில் இருந்தோம் என்று மருமகளுக்கு மலைப்பாக இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து கடிகாரக்காரர் சம்சாரம் வந்து அவளோடு சேர்ந்துகொண்டாள். அப்போதுதான் மருமகள் கீழே பார்த்தாள். பால்போன்ற வெள்ளைத் தரையில் அவளுடைய சேற்றுத் தடங்கள். பதறிப்போய் முந்தானையை இழுத்துத் துடைக்கக் குனிந்தாள்.

அந்த அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டும்மா. நீ நட."

முன்வாசலை அடைந்ததும் மருமகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்கதவிலிருந்து அவள் நின்ற இடம்வரை தடங்கள் வரிசையாகக் கிடந்தன. ஆண்கள் இன்னும் நகரவில்லை. தடங்களை மிதித்துவிடாமல் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள்.