பொடி படிந்தாலும்

"எது போனாலும் நாங்க பாத்துக்கிடுவோம்" என்று கடைக்காரர்கள் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருடம் வேறொரு கடையில் இப்படித்தான் சொன்னார்கள். நானும் மண்டையை ஆட்டிவிட்டு மூன்று வருட வாரண்டியோடு ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து கொடுப்பது என் தொழில். சீசன் உச்சத்தில், ஆறு ஆர்டர் கையில் இருக்கும்போது அது உயிரை விட்டது. கழற்றிப் பார்த்தவர்கள், உள்ளே அலுமினியப் பொடி அடைந்திருக்கிறது, அதற்கெல்லாம் வாரண்டி செல்லாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஆர்டரெல்லாம் வேறு ஆளுக்குப் போனது. நான் நாலு மாதம் அம்மாவோடு பட்டாசுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பெட்டி ஒட்டப் போனேன்.

பொடி எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அம்மா வேலுத்தாய் இருபது வருடமாகப் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் மினுமினுப்பு போகாது. வேலை முடிந்து வந்ததும் வராததுமாக அந்தக் கம்ப்யூட்டரை ஆசையாக முந்தானையால் துடைத்து வைத்தவளும் அவள்தான். நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் அவளை அரித்தது.

இந்த முறை விருதுநகரில் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி கடைக்குப் போனோம். அம்மா அரைநாள் லீவு போட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல் கம்பெனியிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்து முடித்தாயிற்று. பில் போடுகிற இடத்தில் ஸ்ரீராம்குமார் என்ற விற்பனையாளர் ஆரம்பித்தார்.

"இது கடையோட சொந்த வாரண்டி மேடம். ரெண்டு வருசம் கூட வரும். எது போனாலும் நாங்க பாத்துக்கிடுவோம்."

"வேண்டாம்" என்றேன். வாய்தான் வீறாப்பாகப் பேசியது. வாங்கினால் இரண்டாவது முறையும் ஏமாளி. வாங்காமல் போய் மெஷின் படுத்துவிட்டால் மறுபடி அந்த பஸ். எது சரியென்று தெரியவில்லை.

அம்மா மேசையில் இருந்த கறுப்பு லேப்டாப்பின் மூடியில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தாள். ஐந்து விரல்களின் தடமும் அதில் வெள்ளையாகப் பளபளத்தது. ஸ்ரீராம்குமார் பதறிப்போய்த் துணியை எடுத்துத் துடைத்தார். எனக்கு மானம் போனது. இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

"மேல இருக்கறத நீங்க தொடைக்கீக தம்பி. உள்ள போனா யாரு தொடைப்பாக?" என்று கேட்டாள் அம்மா.

"அதுவும் வாரண்டில வரும்மா."

"அப்ப எழுதித் தாங்க."

"அதான் சொல்றேன்லம்மா."

"எங்க கம்பெனில ஒவ்வொரு ரூம் செவத்துலயும் எத்தன ஆளு, எம்புட்டு மருந்து இருக்கலாம்னு பெயிண்டுல எழுதியிருக்கும். வாயால சொல்றத நம்பி நாங்க உள்ள போறதில்ல."

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. சத்தம் கேட்டு அண்ணாச்சியே எழுந்து வந்தார். "எல்லாருக்கும் ஒரே கண்டிசன்தாம்மா. உங்களுக்கு மட்டும் தனியா எழுத முடியாது."

"எனக்கு மட்டும் எதுக்கு அண்ணாச்சி? எல்லாருக்குமே எழுதுங்க. இங்க வாரதுல பாதிப் பேரு பட்டாசு வேலைக்காரகதான்."

வரிசையில் நின்ற ஒருவர் முன்னால் வந்தார். "மல்லாங்கிணறு நாகையா, அண்ணாச்சி. நானும் திரி வெட்டுற ஆளுதான். எம் மகளுக்கு வாங்க வந்தேன். இவுகளுக்கு எழுதித் தந்தா எனக்கும் வாரண்டி போடுங்க. இல்லேன்னா எனக்கும் வேண்டாம்."

"எங்களுக்கும்தான்" என்று பின்னால் இரண்டு குரல்கள்.

அண்ணாச்சி வரிசையை ஒருமுறை பார்த்தார். வியாபாரி அல்லவா, கணக்கு சட்டென்று புரிந்துவிட்டது. "சரிம்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா கொண்டு வாங்க, தெறந்து சுத்தம் பண்ணித் தாரோம். அதுக்கு மேலயும் பொடியால போச்சுன்னா எங்க பொறுப்பு."

"நாலு மாசம். சீசன்ல பொடி கூடுதலா வரும்."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "எழுதுய்யா, நாலு மாசம்."

ஸ்ரீராம்குமார் எழுதி, சீல் வைத்து நீட்டினார். அம்மா அதை என்னிடம் கொடுத்து, "சத்தமா வாசி" என்றாள். வாசித்தேன்: "நான்கு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகச் சுத்தம் செய்து தரப்படும். அலுமினியப் பொடி படிந்தாலும் இந்த வாரண்டி செல்லும்."

பிறகு நாகையா, "அச்சு அசலா அதையே எனக்கும் எழுதுங்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்ரீராம்குமார் புதுப் பேனா தேடினார். நான் வாரண்டியோடு சேர்த்துப் பில் போடச் சொன்னேன்.

வரிசைக் கடைசியில் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து, "யாரு தாயி அந்தப் பொம்பள? இந்தப் போடு போடுதாக?" என்று என்னிடம் கேட்டாள்.

தள்ளி நின்றவள் போய் அம்மாவை ஒட்டி நின்று, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கம்மா" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.