வெள்ளிக்கிழமைக் கோழி

"ஆறு மணி நேரமா? ஒரு கோழிக்கா?"

"ஒரு கோழி இல்லக்கா. தொடைக்கறி மட்டும் ரெண்டு கிலோ."

"எத்தன கிலோவா இருந்தா என்ன, இது வேகுறதுக்குள்ள நீ குவைத்துக்கே போய்ச் சேந்துருவ போலருக்கே."

"கிண்டல் பண்ணாதீக. இது சத்தமே போடாம வேகும். கிண்டக் கூடாது, மூடியத் தொறக்கக் கூடாது. ஒரு தடவ தொறந்தா அர மணி நேரம் பின்னுக்குப் போயிரும்."

"அப்ப இப்ப எதுக்குப் புள்ள தொறந்த?"

ஆஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து இது நான்காவது தடவை. பக்கத்து வீட்டு சபியா சமையலறை வாசலில் உட்கார்ந்து, தரையிலிருந்த அந்த வெள்ளைக் கரண்டுப் பானையை ஏதோ கரை ஒதுங்கிய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் கடல் வழியாக வந்ததுதான். ஆஸ்லின் தங்கச்சிமடம் வந்து பதினைந்து நாளாகிறது. அவள் குவைத்தில் கப்பலில் போட்ட பெட்டியோ நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தது. உள்ளே பேரீச்சம்பழப் பாகு பாட்டில் உடைந்து, மகள் ஜோதிகாவுக்கு வாங்கிய இரண்டு கவுனும் பாகில் ஊறிக் கிடந்தன. கவுன் போனால் போகிறது, பானை பிழைத்ததே என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாகுக்குப் பதில் சாயல்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். சோயா சாஸ், கொஞ்சம் வினிகர், ஒரு கை பூண்டு, இஞ்சி, மிளகாய் வற்றல் இரண்டு, அடியில் பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கு. கண்ணாடி மூடிக்குள் அது பழுப்பாக, சோம்பலாக, குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. வீடு முழுக்க இனிப்பும் உப்பும் கலந்த ஒரு வாசனை. கடலுக்கு அந்தப் பக்கத்து வீடொன்றின் வாசனை வழி தெரியாமல் இங்கே வந்து நிற்பதுபோல இருந்தது.

கணவன் கிளாட்சனின் வள்ளம் கவிழ்ந்து அவன் உடல்கூடக் கிடைக்காமல் போனபோது ஜோதிகாவுக்கு நான்கு வயது. அவளைக் கிளாட்சனின் அக்கா லிண்டாவிடம் விட்டுவிட்டு ஆஸ்லின் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஐந்து வருடத்தில் ஊருக்கு வருவது இது இரண்டாவது முறை. பிள்ளை இப்போது லிண்டாவை அம்மா என்கிறாள். இவளைக் குவைத்தம்மா என்கிறாள். அதில் துளி வன்மம் கிடையாது. இவள் உள்ளே வந்தால் விருந்தாளிக்கு எழுந்திருப்பதுபோல எழுந்து நாற்காலியைத் தருகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். படுக்கும்போது லிண்டாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கிறாள்.

அவள் இவளிடம் கேட்டது இத்தனை வருடத்தில் ஒன்றே ஒன்றுதான். குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. முதலாளி வீட்டுக்கு மகன், மகள், பேரன் பேத்தி எல்லாரும் வருவார்கள். அன்றைக்கு இந்தக் கோழிதான். ஆஸ்லின் மாவு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். அந்தப் பக்கம் ஜோதிகா மூச்சு விடாமல் கண்ணாடி மூடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். "குவைத்தம்மா, எனக்கு எப்ப?" "நான் வந்ததும் தங்கம்." பெட்டி தாமதமாகிப்போனது. இன்று சாயங்காலம் ரயில், நாளை சென்னையிலிருந்து விமானம். ஜோதிகா பள்ளியிலிருந்து வருவதற்கும் ஆட்டோ வருவதற்கும் நடுவில் அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இந்த ஆறு மணி நேரம்.

"உப்பு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா" என்று கரண்டியை நீட்டினாள்.

"நல்லாருக்கே! நோன்பு வச்சவ வாயில நீட்டுற?"

"அய்யோ, மறந்தே போச்சு."

"நீ மறப்ப. அது சரி, ஒங்களுக்கும் நோன்புதான? போன வெள்ளிக்கிழம நோன்புக்கஞ்சி குடுத்து விட்டேன். கறிக்கஞ்சின்னு தெரிஞ்சதும் ஒம் மக தூக்குவாளியத் திருப்பிக் கொண்டாந்து வச்சுட்டா. நாப்பது நாளும் வெள்ளிக்கிழம நாங்க கறி தொடமாட்டோம் சாச்சின்னு பெரிய மனுசி மாதிரி சொல்லுறா."

கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

தவக்காலம் என்பது ஆஸ்லினுக்குத் தெரியாமலா? போன வாரம்தானே நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டாள். ஆனால் ஐந்து வருடமாக அவளுடைய வெள்ளிக்கிழமை வேறு வெள்ளிக்கிழமையாகிவிட்டது. அங்கே பூசைக்குப் போக விட்டாலும் வெள்ளிக்கிழமைதான் போனாள். மனசுக்குள் அது ஞாயிறாகவே மாறிப்போயிருந்தது. இந்த வீட்டில் என்றைக்கும் மீன்தான் என்பதால் போன வெள்ளியும் வித்தியாசம் தெரியவில்லை. லிண்டா வீட்டிலிருந்திருந்தால் தடுத்திருப்பாள். அவள் இருட்டோடு கச்சத்தீவுத் திருவிழாப் படகுகளை வழியனுப்பப் போய், அப்படியே நண்டுக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

"ஒங்க சாமியார்கிட்ட கேளு புள்ள. எங்களுக்கும் பிரயாணம்னா விலக்கு உண்டு" என்றாள் சபியா.

ஆஸ்லின் செருப்பை மாட்டவில்லை. மணல் சுட்டது. ஒரு ஓட்டமும் நடையுமாகக் கோவிலுக்குப் போனபோது உபதேசியார் அருளானந்தம் தாழ்வாரத்தில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சாமி இருக்காகளா அய்யா?"

"சாமி காலையிலயே கச்சத்தீவு போயிட்டாக. நாளைக்கு மத்தியானம்தான் வருவாக."

"போன்ல பிடிக்க முடியுமா?"

"அங்கன ஏதும்மா டவரு? என்ன, யாருக்கும் கடைசி அவஸ்தையா?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது சின்ன விஷயமாகத் தெரிந்து அழுகை வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பாய்யா. புதுநன்மை வாங்கப் போற பிள்ளைகளுக்கு நீங்கதான படிச்சுக் குடுக்குறீக? இன்னக்கி ஒரு நாள் பரவால்லன்னு சொல்லுங்க."

"நான் மணி அடிக்கிறவன்மா. சாமி இல்லாதப்ப மணியத்தான் அடிக்க முடியும்." மறுபடியும் மெழுகைச் சுரண்டினார். பிறகு, "பிள்ளைகளுக்குத் தவக்கால அட்ட குடுத்துருக்கேன். எத விட்டுக்குடுக்குறோம், யாருக்காகன்னு எழுதணும். ஒம் மக அவ அப்பனுக்காகன்னு எழுதிருக்கா. ஒரு வெள்ளி விடாம முடிச்சா அப்பா மேல மோட்சத்துக்குப் போயிருவாகளான்னு கேட்டா. நாந்தான் ஆமான்னு சொன்னேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் தந்திரம் தேடினாள். மீன் என்று சொல்லிவிடலாமா? இந்தக் கரையில் பிறந்த பிள்ளையிடமா! கிழங்கை மட்டும் எடுத்துக் கொடுத்தால்? ரயிலை விட்டுவிட்டால்? விட்டால் விமானம் போகும், விமானம் போனால் வேலை போகும். கிளாட்சா, நீ மேலே போகாமல் ஒரே ஒரு நாள் நின்றால் என்ன என்று கடலைப் பார்த்து நினைத்தாள். நினைத்ததும் பயந்துபோய் மறுபடியும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்றே முக்காலுக்கு லிண்டாவும் ஜோதிகாவும் ஒன்றாகவே வந்தார்கள். லிண்டாவுக்கு வாசலிலேயே புரிந்துவிட்டது. பானையைப் பார்த்தாள், ஆஸ்லினின் முகத்தைப் பார்த்தாள். நண்டு வாடை அடிக்கும் கையை முந்தானையில் துடைத்தபடி சுவரோரம் நின்றாள்.

ஜோதிகா பையைக்கூட இறக்கவில்லை. பானை முன்னால் மண்டியிட்டாள். கண்ணாடி மூடியில் மூக்குப் படுகிற மாதிரிக் குனிந்தாள். பதினைந்து நாளில் முதல் முறையாக ஆஸ்லினின் தோளோடு அவள் தோள் இடித்தது.

"போன்ல காட்டுவீங்களே, அதா?"

"அதேதான் தங்கம்."

"இவ்ளோ வாசமா இருக்குமா? போன்ல தெரியவே இல்ல." ஒரு நிமிடம் கண்ணை மூடி வாசம் பிடித்தாள். பிறகு மெல்ல, "இன்னக்கி வெள்ளிக்கிழமல்ல குவைத்தம்மா" என்றாள்.

"தெரியும்டா. எனக்குத்தான் மறந்து போச்சு."

"நாளைக்குச் சாப்புடுறேன். நெசமா. எல்லாத்தயும் சாப்புடுறேன்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேனே."

ஆஸ்லின் மூடியைத் திறந்தாள். தொடைக்கறி எலும்பைவிட்டு நழுவிக் கிடந்தது. கரண்டி நுனியில் சாற்றை அள்ளி ஊதினாள்.

"கறி வேணாம். சாறு மட்டும். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு, நான் பாத்துட்டுப் போயிருறேன்."

ஜோதிகா திரும்பி லிண்டாவைப் பார்த்தாள். லிண்டாவின் கண் கலங்கியிருந்தது. "அது ஒன் இஷ்டம்டா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். இங்கே யார் அம்மா என்பது அந்த ஒரு வாக்கியத்தில் யாரும் நினைக்காமலே தீர்ந்துபோயிற்று.

ஜோதிகா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. யாரோ அடிக்கப் போகிறார்கள் என்று காத்திருக்கிற பிள்ளையின் முகம் அது. அந்த முகத்தைப் பார்த்ததும் ஆஸ்லின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேணாம். வேணாம் தங்கம். நீ செஞ்சதுதான் சரி" என்று சொல்லி, பையை அவள் தோளிலிருந்து இறக்கிவிட்டாள்.

வெளியே ஆரன் அடித்தது. சபியாவின் மகன் அஃப்ரித் ஆட்டோவோடு வந்து, "அக்கா, பாலத்துப் பக்கம் வண்டியெல்லாம் நிக்கிது, சீக்கிரம் வாங்க" என்று கத்தினான். பெட்டியைத் தூக்கிப் போனான். ஆஸ்லின் பானையின் ஒயரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்த பிறகும் உள்ளே குமிழ்கள் கொஞ்ச நேரம் ஓடின. ஜோதிகா அவளுக்கு முத்தம் கொடுத்தாள், சொல்லிக்கொடுத்த மாதிரி, கன்னத்தில் ஒன்று. பிறகு மறுபடியும் பானையருகே போய் உட்கார்ந்துகொண்டாள்.

லிண்டா ஆட்டோ வரைக்கும் வந்தாள். தண்ணீர் பாட்டிலையும் ஜெபமாலையையும் கையில் திணித்தாள். அஃப்ரித் வண்டியைக் கிளப்பினான். ஆஸ்லின் சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"மதினி, நாளைக்குச் சூடு பண்ணையில கிண்டிறாதீக, கறி ஒடஞ்சு போகும். சோத்துல ஊத்தி அவ முன்னாடி வச்சுருங்க. அப்புறம்…" லிண்டாவின் நண்டுக் கீறல் விழுந்த விரல்களைப் பிடித்தாள். "நீங்க ஊட்டி விட்டுறாதீக மதினி. அது ஒண்ணு மட்டும் அவளே எடுத்துத் திங்கட்டும். செய்வீகளா?"